எழுத வராத கைகளும் துறைமுகத்தின் தாள்களும்

(பினாங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நல்ல வேலைக்காரர், ஆனால் எழுத வராது. இப்படிப்பட்ட ஊழியரை எப்படி நடத்துவது என்பதுதான் இன்று எனக்குத் தந்த பொருள். அலுவலகப் பயிற்சிகளில் மேலாளர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். "சொன்னால் புரிந்துகொள்கிறார். வேலையும் சுத்தம். ஆனால் ஒரு ரிப்போர்ட் எழுதச் சொன்னால் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை" என்பார்கள். அடுத்த மூச்சில் அவரை ஏதாவது வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், மாடி அலுவலகத்தை விட்டு இறங்கி ஒருமுறை துறைமேடைக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். எழுத்தில் பிழை விடும் மனிதர்களை வைத்துக்கொண்டு பிழையில்லாமல் வேலை நடத்துவது எப்படி என்று துறைமேடை எப்போதோ கற்றுவிட்டது. அலுவலகம்தான் கற்கவில்லை.

ஒரு கன்டெய்னர் பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு எழுத்துகள், பின்னால் ஏழு எண்கள். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைச் சொல்கின்றன. நான்காவது பெரும்பாலும் 'யூ' என்ற எழுத்து. பிறகு வரும் ஆறு எண்கள் அந்தப் பெட்டிக்கே உரியவை. கடைசியாகக் கட்டம் கட்டி ஓர் எண் நிற்கும். அது பெட்டியின் எண் அல்ல. முன்னால் உள்ள எழுத்துக்கும் எண்ணுக்கும் மதிப்புக் கொடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் இரட்டித்துக்கொண்டே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வரும் மீதி. ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரவிதி இதை வகுத்திருக்கிறது. மழையில் நனைந்துகொண்டே எண்ணைக் குறிக்கும் ஒருவர் ஓர் எண்ணை மாற்றி எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து எண்களை இடம் மாற்றி எழுதினாலும் மீதி பெரும்பாலும் ஒத்துவராது. கணினி உடனே நிறுத்திவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மனத்தை நான் மதிக்கிறேன். மனிதன் தவறாக எழுதுவான் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. எழுதியவரைத் திட்டுவதில்லை, அவருக்குப் படிப்பு போதாது என்று கோப்பில் குறித்து வைப்பதில்லை. பிழை அடுத்த கைக்குப் போவதற்குள் பிடித்துவிடுகிறது.

ஆபத்தான சரக்கு ஏற்றிய பெட்டியில் ஒட்டும் சாய்சதுர அட்டைகளும் அப்படித்தான். தீப்பற்றும் திரவம் என்றால் சிவப்பு நிறம், தீச்சுடர் படம், கீழே 3 என்ற எண். அதைப் படிக்க ஆங்கிலமும் வேண்டாம், மலாயும் வேண்டாம். நேபாளத்திலிருந்து போன வாரம் வந்தவரும் அதைப் பார்த்ததும் ஒதுங்கி நிற்பார்.

கடல் மொழியே இந்த வழியில் போயிருக்கிறது. 1990 ஏப்ரல் 7-ஆம் தேதி ஓஸ்லோவிலிருந்து டென்மார்க் போன 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பல நாட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்த மாலுமிகளுக்குத் தங்களுக்குள்ளும் பயணிகளோடும் பேசப் பொதுமொழி சரியாக இல்லை. கடல் மொழியைச் சீராக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இந்த விபத்துக்குப் பிறகு அது வேகம் பிடித்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் கப்பல்களுக்கான நிலையான சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. அதில் செய்தி எட்டு வகை: கட்டளை, அறிவுரை, எச்சரிக்கை, தகவல், கேள்வி, பதில், வேண்டுகோள், செய்யப்போவது. பேசத் தொடங்கும்போதே எந்த வகை என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரலாம். 'முடியலாம்', 'கூடும்' போன்ற இரண்டு பொருள் தரும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. உலகத்து மாலுமிகளையெல்லாம் ஆங்கிலப் புலவர்களாக ஆக்க முடியாது என்று தெரிந்துகொண்டவர்கள், அவர்களுக்கு ஏற்றபடி மொழியைச் சுருக்கிக் கொடுத்தார்கள்.

இனி, எழுத்து சின்ன விஷயம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. துறைமுகத்தில் பணமே எழுத்தின் மேல்தான் நடக்கிறது. கன்டெய்னர் வருவதற்கு முன்பு சரக்கெல்லாம் மூட்டையாகவும் கட்டாகவும் பெட்டியாகவும் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். கிட்டங்கியிலிருந்து தொங்கான் என்னும் சரக்குப் படகில் ஏற்றி, தொங்கானிலிருந்து கப்பலில் ஏற்றுவார்கள். படகு வலித்தவர்களிலும் சுமை தூக்கியவர்களிலும் தமிழர்கள் நிறைய. இங்குள்ள கிங் தெருவைத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்றே அழைத்தார்கள். கப்பல் பக்கத்தில் கையில் அட்டையோடு நிற்பவர் டேலி கிராணி, அதாவது சரக்கை எண்ணும் எழுத்தர். நான்கு கோடு நேராகப் போட்டு ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பார், ஓர் ஐந்து முடியும். தாளின் ஓரத்தில் 'மூன்று மூட்டை கிழிசல்', 'நனைந்த கறை' என்று இரண்டொரு சொல் எழுதுவார்.

அந்த இரண்டு சொல் எங்கே போகிறது தெரியுமா? கப்பல் தலைவருக்கு அடுத்த அதிகாரியான மேட் கொடுக்கும் மேட்ஸ் ரிசிப்டில் ஏறும். அதிலிருந்து பில் ஆஃப் லேடிங் என்னும் சரக்கேற்றுச் சீட்டில் ஏறும். 'வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் ஏற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அது குறையில்லாத சீட்டு, வங்கி பணம் கொடுக்கும். 'நனைந்த கறை' என்று ஏறிவிட்டால் குறைகுறித்த சீட்டு. எல்.சி. என்னும் வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின் பேரில் வங்கி அதை ஏற்காது. ஏற்றுமதியாளரின் ஆள் அன்றே அலுவலகத்துக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், "கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா?" என்று கேட்பார். அந்த டேலி கிராணிக்கு ஒரு பத்தி ஆங்கிலம் எழுத வராமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் எழுதிய இரண்டு சொல் உண்மையாகவும், பார்த்த இடத்திலேயே, பார்த்த நேரத்திலேயே எழுதியதாகவும் இருந்தன. வாக்கியம் இல்லாத அந்த எழுத்தை நம்பித்தான் லண்டன் வரைக்கும் வங்கிகள் பணம் புரட்டின. நம் அலுவலகங்களில் 'எழுத்துத் திறன்' என்று நாம் பேசும்போது இந்த வகை எழுத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு மனக்குறை.

எழுத வராதவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் தீவின் கதையே அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1786-இல் இங்கு வந்திறங்கிய ஆங்கிலேய வணிகர் ஃப்ரான்சிஸ் லைட்டுக்கு மலாய் அரசர்களும் வணிகர்களும் எழுதிய கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் இன்று லண்டன் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அரபு வழிவந்த ஜாவி எழுத்தில் தேர்ந்த எழுத்தர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள். தலைப்பு, முகமன், விஷயம், அனுப்பும் அன்பளிப்பு, தேதி, முத்திரை என்று அவற்றுக்கு ஒரு சட்டகம் இருந்தது. 1805-இல் பினாங்குக்கு உதவிச் செயலராக வந்த ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் மலாய் கற்றார். ஆனாலும் அரசர்களுக்கு எழுத மலாய் எழுத்தர்களை வைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் இப்ராகிம். ஹக்கீம் லோங் ஃபக்கீர் கண்டு என்பவரின் மகன், தமிழ் முஸ்லிம் வழிவந்த பினாங்குக் குடும்பம். இப்ராகிமின் சகோதரர் அகமது ரிஜாலுதீன் வங்காளத்துக்குப் போய்வந்து, கல்கத்தாவைப் பற்றி 1811-இல் மலாயில் ஒரு நூலே எழுதினார். தமிழ் வழிவந்த ஒரு குடும்பம், ஆங்கிலேய அதிகாரிக்காக மலாயில் எழுதியது.

மேலிடத்தில் இருப்பவர் இன்னொருவரைக் கொண்டு எழுதிக்கொண்டால் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அதிகாரிக்கு எழுத்தர் இருந்தார், தலைவருக்கு இன்றும் உரை எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார். கீழே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு மட்டும் வேலையும் தெரிய வேண்டும், அதை மூன்று மொழியில் எழுதவும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மூன்று மொழி என்றது அலங்காரத்துக்காக அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பலருக்கு மலாய் தேறுவதற்கான ரிமூவ் வகுப்பு, பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய். வேலைக்கு வந்தால் சுங்கத்துறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் மலாய், கப்பல் கம்பெனிக்கு ஆங்கிலம், கூட வேலை செய்பவர்களோடு தமிழும் ஹொக்கியன் சீனமும் கலந்த பேச்சு. ஆங்கிலப் பள்ளிகள் 1970 முதல் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறின. அதனால் நம் அலுவலகங்களில் நீண்ட காலம் ஆங்கிலத்தில் நினைக்கும் மேலாளரும் மலாயில் படித்த இளைஞரும் ஒரே தாளைப் பார்த்து வேறு வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். இளைஞருக்கு எழுத வரவில்லை என்று மேலாளர் சொன்னார். மேலாளருக்குப் படிக்க வரவில்லை என்று சொல்லும் இடத்தில் இளைஞர் இல்லை.

பிறை பக்கம் ஒரு கன்டெய்னர் டிப்போவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி ஓட்டும் ஒரு தம்பியின் ரிப்போர்ட் மேசைக்கு வந்தது. மலாயில் ஒரே வரி: 'ஸ்ப்ரெடர் ரோசாக். சூடா பெரிதாவ்.' பெட்டியைப் பிடித்துத் தூக்கும் ஸ்ப்ரெடர் பழுது, சொல்லியாகிவிட்டது என்று பொருள். மேற்பார்வையாளருக்குக் கோபம். யாரிடம் சொன்னாய், என்ன பழுது, எதுவுமே இல்லையே என்று தாளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அந்தத் தம்பியைக் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கச் சொன்னேன். அவர் சொன்னது இது:

"அண்ணே, பச்சை லைட்டு எரியுதுண்ணே. ஆனா எனக்கு வலப்பக்கம் பின் மூலையில லாக்கு முழுசாத் திரும்பல. காலையில மழை பேஞ்சதுக்கு அப்புறந்தான் இப்படி. காலிப் பெட்டி தூக்கும்போது தெரியல. நெறஞ்ச பெட்டி தூக்கினா ஒரு பக்கம் லேசா சரியுது. ஒரு அடி தூக்குனதுமே கீழ வெச்சுட்டேன். வண்டிய ஓரமா நிப்பாட்டிச் சாவிய ஃபோர்மேன்கிட்ட குடுத்துட்டேன்."

இதைவிட நல்ல ரிப்போர்ட் எந்தப் பொறியாளரும் எழுத முடியாது. எந்த மூலை, எப்போதிலிருந்து, எந்த நிலையில் தெரிகிறது, எந்த நிலையில் தெரியவில்லை, விளக்கு ஒன்று சொல்ல இரும்பு வேறொன்று சொல்கிறது, என்ன செய்தேன், இப்போது வண்டி எங்கே. எல்லாம் இருக்கிறது. தாளில் இருந்த பெட்டியோ 'சம்பவ விவரம்' என்று தலைப்புப் போட்ட ஒரு வெற்றுக் கட்டம். அதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நினைவுக்கு வந்து அவருக்குக் கை நின்றுவிட்டது. சிந்தனை நிற்கவில்லை. அந்த டிப்போவில் பிறகு கட்டத்தை எடுத்துவிட்டுக் கேள்விகளாகப் பிரித்தோம். ஸ்ப்ரெடரின் படம் ஒன்றை அச்சடித்து, பழுதான மூலையை வட்டமிடச் சொன்னோம். எது எரிந்தது, எது அசைந்தது, காலியா நிறைந்ததா, வண்டி இப்போது ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்டோம். விருப்பப்பட்டால் தமிழில் வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்பலாம், அலுவலகத்தில் உள்ளவர் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். திரும்ப வாசித்துக் காட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எழுதியவரின் ஊகம் சொன்னவரின் வாக்காகிவிடும்.

எழுதத் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களை நினைவூட்டுகிறேன். 1988 ஜூலை 6-ஆம் தேதி வடகடலில் 'பைப்பர் ஆல்ஃபா' எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் மாண்டார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்திருந்தார்கள். அதற்கு அனுமதித் தாள் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது பம்புக்கான இன்னொரு தாளோடு சேராமல் தனியே கிடந்தது. இரவு வேலைக்கு வந்தவர்கள் அதை அறியாமல் பம்பை ஓட்டினார்கள். பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிட்டங்கியில் கிடந்தபோது, சுங்கத்துறையினர் 2014 முதல் 2017 வரை நீதிமன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் அனுப்பினார்கள். ஆபத்து என்றும் அவற்றில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 வரைக்கும் சரக்கு அசையவில்லை. அன்று அது வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்கு மொழி தெரியாமல் இல்லை. அவற்றைப் படித்த கைதான் எதுவும் செய்யவில்லை.

ஆகவே ஒருவரின் எழுத்து மோசம் என்று தோன்றினால் முதலில் அதில் உள்ள விஷயத்தைத் தேடுங்கள், மொழியை அப்புறம் பாருங்கள். இரண்டு தடவையாகப் படியுங்கள். முதல் தடவை சிவப்புப் பேனாவை எடுக்கவே கூடாது. விஷயம் குறைந்தால் நேரில் கேளுங்கள். விஷயம் இருந்து மொழி மட்டும் தடுக்கினால், அந்தத் தாள் வெளியாருக்குப் போகிறதா என்று பாருங்கள். உள்ளுக்குள் சுற்றும் தாள் என்றால் அப்படியே போகட்டும், பொருள் தெரிந்தால் போதும். வாடிக்கையாளருக்கோ காப்புறுதிக் கம்பெனிக்கோ போகிறது என்றால் யாராவது திருத்தித்தான் ஆக வேண்டும். அதை எல்லாருக்கும் நகல் போகும் மின்னஞ்சலில் திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும். கடந்த ஆண்டு உங்கள் அலுவலகத்திலிருந்தே போன நல்ல கடிதங்கள் சிலவற்றைக் கோப்பாகப் போட்டுக் கையில் கொடுங்கள். யாரோ எழுதிய இலக்கணப் புத்தகத்தைவிட அது பயன்படும்.

எழுதியதற்காக அவமானப்பட்ட ஆள் அடுத்த முறை எழுதமாட்டார். மயிரிழையில் தப்பிய விபத்துகள் தாளுக்கு வராமலே போய்விடும். விபத்து நடந்தால் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நடக்க இருந்து நடக்காமல் போனவற்றில் பெரும்பாலானதைச் சொல்ல ஓட்டுநரின் மனம் மட்டும்தான் இருக்கிறது. அந்த மனத்தை மூடிவிட்டால் மூடியது தெரியவும் தெரியாது.

அதே நேரத்தில், எழுதுவதே ஒருவரின் வேலை என்றால் அங்கே தயவு காட்டக் கூடாது. ஆவணப் பிரிவில் சரக்கு விவரம் எழுதுபவர் கிலோவையும் டன்னையும் குழப்பினால், கப்பலின் சமநிலையே தவறாகக் கணக்கிடப்படும். 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னரின் சரிபார்த்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்று உலகமே விதி வைத்திருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லி, பயிற்சி கொடுத்து, கால அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் வேறு வேலைக்கு மாற்றுவதுதான் நேர்மை. மற்றவர்கள் இரவில் உட்கார்ந்து அவர் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் அந்த அலுவலகத்தில் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அதற்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை.

இப்போது எழுதிக் கொடுக்கும் மென்பொருள் வந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பிறைத் தம்பியின் ஒருவரி மலாயை அதில் போட்டால், 'தூக்கும் கருவியில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டதாகத் தெரிவிக்கப்படுகிறது, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று பிசிறில்லாமல் வரும். படித்தவர் திருப்தியோடு கையெழுத்துப் போடுவார். வலப்பக்கப் பின் மூலை அதில் இல்லை. முன்பு மோசமான மொழி நம்மை நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தது. நல்ல மொழி கேட்கவிடாது. மென்பொருளைப் பயன்படுத்துங்கள், ஆனால் குரல் பதிவை எழுத்தாக்கவும் மொழிபெயர்க்கவும் பயன்படுத்துங்கள். இல்லாத விஷயத்தை அது நிரப்பவிடாதீர்கள்.

கடைசியாகப் பதவி உயர்வு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கு வந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை இன்று வேலையில் இருக்கிறது. தாத்தா சுமை தூக்கினார், அப்பா வின்ச் ஓட்டினார், பேரன் கிரேன் ஓட்டுகிறார். கிரேனிலிருந்து மேற்பார்வையாளர் நாற்காலிக்குப் போகும் இடத்தில் ஓர் எழுத்துத் தேர்வும், அதற்குமேல் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட்டும் நிற்கின்றன. காற்றின் வேகம் பார்த்து எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்த ஆளை எந்த வேலைக்குப் போடக் கூடாது என்று தெரியும். தேர்வுத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. இங்கே மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த தேர்வில் பாதி மதிப்பெண்ணைத் துறைமேடையில் வையுங்கள். விண்ணப்பித்தவர் தனக்கு வசதியான மொழியில் ஒரு சூழ்நிலையை விளக்கட்டும், எப்படிச் சமாளிப்பார் என்று சொல்லட்டும். தேர்வாளர் எழுதிக்கொள்ளட்டும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டட்டும். மேற்பார்வையாளராக அவர் தொடர்ந்து எழுத வேண்டிய தாள்கள் எவை என்று பட்டியல் போட்டால் பத்துக்குள் அடங்கும். அந்தப் பத்தையும், பதவி கொடுத்த பிறகு, முதல் ஆறு மாதத்தில், சம்பளத்தோடு கற்றுக்கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தமிழிலும் கேட்கலாம், மலாயிலும் கேட்கலாம்.